கச்சானில் வைத்த பானை

எங்கட வீட்டுக்காரர் பாக்கியரத்தினத்திட்ட ஒரு பழக்கம். நோகுதோ எண்டு கேட்டா "இல்லை" எண்டுவார். பசிக்குதோ எண்டாலும் "இல்லை". செத்துப் போனியளோ எண்டு கேட்டாலும் அந்த மனுசன் "சீச்சீ, இல்லை" எண்டுதான் சொல்லும். அப்பிடிப்பட்ட ஆளுக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், வந்தா, பக்கத்தில இருக்கிறவளின்ர பாடு என்ன எண்டு நீங்களே யோசியுங்கோ.

எழுபத்துநாலாம் ஆண்டு. பேக்கரியில பாணுக்கே வரிசையில நிண்ட காலம். அவருக்கு இலங்கைத்துறைச் சங்கக்கடைக்கு மனேச்சரா மாற்றம் வந்தது. முந்தி டவுன் பக்கம் அன்புவழிபுரத்தில இருக்கேக்க கவலை இல்லை. காலமை காலமை நான்தான் அவருக்கு ஊசி போடுவன். இன்சுலின் போத்தலைப் பக்கத்து வீட்டுக்காரர் தங்கட ஃபிரிட்ஜில வைச்சுத் தந்தினம். இலங்கைத்துறையில ஃபிரிட்ஜுக்கு எங்க போறது? கரண்டே இல்லை. "போகாதேங்கோ, வேற இடம் கேளுங்கோ" எண்டு தலைகீழா நிண்டு பாத்தன். "ஒண்டும் நடக்காது குணேஸ்" எண்டார். எல்லாத்துக்கும் அவரிட்ட இருக்கிற மருந்து அந்த ஒரு வசனம்தான்.

வெளிக்கிட முதல் ஆஸ்பத்திரி நேர்ஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "குணேஸ்வரி, இது குளிருக்க இருக்க வேணும். சூடு பட்டா மருந்து செத்துப் போகும். ஆனா பாக்கிறதுக்கு அப்பிடியேதான் இருக்கும். கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது." அந்தக் கதை மீன்முள்ளு மாதிரி என்ர தொண்டையிலயே நிண்டுது.

முதல் கொஞ்ச நாள் எங்களைக் காப்பாத்தினது அபூதாஹிர் நானா. கிண்ணியா மீன் முதலாளி; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா எண்டுதான் கூப்பிடுறது. மீன் ஏத்த வாற லொறியில மரத்தூள் போட்டு ஐஸ் கொண்டு வருவார். ஒவ்வொரு முறையும் எங்கட பிளாஸ்குக்கு ஒரு கட்டி உடைச்சுத் தருவார். ஆடி பிறந்தது, கச்சானும் வந்தது, ஐஸ் அடிக்கிற இடத்தில மிசின் பழுது எண்டு லொறி நிண்டு போச்சு.

கச்சான் எண்டா சும்மா காத்தில்லை. மேற்கால காஞ்ச காடு முழுக்கக் கடந்து வாற அனல். முகத்தில பட்டா உதடு வெடிக்கும், கண் எரியும். ஊர்ச்சனம் மத்தியானத்தில கதவு ஜன்னலெல்லாம் சாத்திப் போட்டு உள்ளுக்க கிடக்கும்.

நான் ஓடினது நல்லம்மாக்காவிட்ட. எங்களுக்கு வீடு தந்த மனுசி, அடுத்த வளவு. "அக்கா, மருந்து வைக்க ஒரு பானை தாங்கோ. தண்ணி குளிரா இருக்க வேணும்" எண்டன். அவ தன்ர குசினியில இருந்ததிலேயே நல்ல பானையைத் தூக்கிக்கொண்டு வந்தா. கஞ்சி காய்ச்சி ஊத்தி, தேங்காயெண்ணெய் பூசி, நெருப்பில வாட்டி வாட்டிப் பழக்கின பானை. கறுப்பா மினுங்கிச்சு. "ஒரு சொட்டு ஒழுகாது பிள்ளை" எண்டு தட்டிக் காட்டினா. வெளியூரால வந்த ஆக்களுக்கு ஒழுகல் பானை குடுக்கிறது அந்த ஊரில பெரிய மானக்கேடு. நல்ல பானையைக் குடுத்தாத்தான் மதிச்ச மாதிரி. எனக்குச் சந்தோசத்தில கண் கலங்கிப் போச்சு.

தண்ணி நிரப்பி, மருந்துப் போத்தலை ஒரு ஜாம் போத்தலுக்க வைச்சு இறுக்கி மூடி, பானைக்க இறக்கினன். அறை மூலையில வைச்சன். மேல பலகை. ஜன்னலையும் சாத்தி, இடுக்கில பழந்துணி அடைச்சன். சூட்டுக் காத்து ஒரு துளி உள்ளுக்க வரக்கூடாது, பாப்பம் எண்டு. என்ர கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டன்.

கொஞ்ச நாள் போக, ஒரு காலமை வளவு கூட்டப் போனன். பின்வேலியடியில, இரவில அவர் ஒதுங்கிற இடத்தில, மணல் கறுத்துக் கிடந்தது. குனிஞ்சு பாத்தா, எறும்பு. மொய்ச்சுக் கிடக்குது.

 அவருக்குச் சலரோகம் எண்டு முதல் முதல் காட்டிக் குடுத்ததே எறும்புதான். மூத்திரத்தில சீனி போனா அது மொய்க்காமல் விடாது; டொக்டர் அதுக்குப் பிறகுதான் சொன்னவர்.

விளக்குமாத்தோடயே உள்ளுக்கு வந்தன். "சங்கக்கடையில சீனி மூட்டைக்குப் பக்கத்திலதானே கதிரை போட்டு இருக்கிறியள்?"

"ஓம்."

"தேத்தண்ணிக்கு அள்ளிப் போடுறியள், என்ன?"

"இல்லை."

"பொய் சொல்லாதேங்கோ! எறும்பு பொய் சொல்லுமோ?"

"அது கூப்பன் சீனி, குணேஸ். சனத்தின்ர சீனியில நான் கை வைப்பனோ?" எண்டு ஆறுதலாச் சொல்லிப் போட்டு, செம்புத் தண்ணியை ஒரே மூச்சில குடிச்சார். பிறகு இன்னொரு செம்பு. பிறகும் ஒண்டு. நான் விடேல்லை. வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினன்.  உடம்பு வத்தி அவரின்ர அரைஞாண் தளர்ந்து தொங்கினதைப் பாத்தும் எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை.

அடுத்த நாள் அவர் பாயால எழும்பேல்லை. "அலுப்பா இருக்கு" எண்டார். எங்கட கலியாணத்துக்குப் பிறகு அவர் வாயால வந்த முதல் முறைப்பாடு அது. கிட்டக் குனிஞ்சன். மூச்சில பழம் அழுகின மாதிரி ஒரு இனிப்பு மணம். நான் ஊசி போட்டுக்கொண்டுதான் வாறன், ஒரு நாளும் தவற விடேல்லை. அப்ப?

பானையின்ர பலகையைத் தள்ளிப் போட்டுக் கையை விட்டன். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு சூடு. நான் இவ்வளவு நாளும் அவருக்கு ஏத்தினது செத்த மருந்து.

"ஐயோ, நான் என்ன செய்வன்" எண்டு நான் போட்ட சத்தத்தில நல்லம்மாக்கா ஓடி வந்தா. மூதூருக்குப் போற பஸ் ஒண்டுதான், அது வெளிக்கிடுற நேரம். அவரைத் தூக்கி ஏத்த ஏலாது, தலை நிக்குதில்லை. றைவரின்ர காலில விழாத குறையாச் சொல்லி விட்டன்: கிண்ணியாவுக்கு ஆள் விட்டு அபூதாஹிர் நானாவிட்ட சொல்லுங்கோ, ஆஸ்பத்திரியால மருந்து வேணும், ஐஸோட.

அடுத்த நாள் மத்தியானம் நானா மோட்டார் சைக்கிளில வந்து சேர்ந்தார். முகம் முழுக்கப் புழுதி. தோளில பிளாஸ்க். திறந்து பாத்தா ஐஸ் எல்லாம் கரைஞ்சு வெறும் தண்ணி. அதுக்க ஒரே ஒரு போத்தல்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரியில இதுதான் கடைசி" எண்டார். "இனி மருந்துக் கப்பல் வந்தாத்தானாம், எப்ப வரும் எண்டு அவங்களுக்கே தெரியா. உடனே ஊசி போடட்டாம். நாளைக்கும் தெளியாட்டி ட்ராக்டரிலயாவது ஏத்திக்கொண்டு வரட்டாம். அல்லாட காவல், நல்லாகிடும்."

பிளாஸ்கின்ர தண்ணி இன்னும் கொஞ்சம் குளிர்தான். ஆனா அது எவ்வளவு நேரத்துக்கு? ஊசியைப் போட்டன். போட்டிட்டு அந்தப் போத்தலைக் கையில வைச்சுக்கொண்டு வளவுக்க நிண்டன். மேல வெயில், முகத்தில கச்சான், கையில என்ர புருசன்ர உசிர். வைக்க ஒரு இடமில்லை.

நல்லம்மாக்காவின்ர செவலை நாய் ஒண்டு இருக்குது, எனக்குப் பரம எதிரி. எங்கட வேலியடிப் பூவரசுக்குக் கீழ நல்லம்மாக்கா தன்ர கோழிக்குத் தண்ணி வைக்கிற பழைய பானை ஒண்டு. ஒழுகல். அது எண்ணெயையும் காணேல்லை, நெருப்பையும் காணேல்லை. எந்த நேரமும் வெளிப்பக்கம் கசிஞ்சு, பாசி பிடிச்சு, கீழ மணல் ஈரமாக் கிடக்கும். நாய் நெடுகலும் அதோட வயித்தை ஒட்டிக்கொண்டு படுக்கும், நான் நெடுகலும் கல்லெடுத்து விரட்டுவன். கோழித்தண்ணியில நாய் வாய் வைக்கக்கூடாது எண்டு.

அண்டைக்கும் படுத்துக் கிடந்தது. ஊரே வேகுது, அது கண்ணை மூடிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிக் கிடக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "அடிக் கழுதை, உனக்கு மட்டும் என்ன சுகம்!" எண்டு காலால தள்ளப் போனன். தள்ளேக்க விழாம இருக்கப் பானையைப் பிடிச்சன்.

குளிர்ந்து போய் இருந்தது.

போத்தலை மடியில செருகிப் போட்டு மற்றக் கையையும் வைச்சன். பானைக்க விட்டன். கிணத்தடி நீர் மாதிரிக் குளிர். அந்த வெயிலில, அந்த அனல் காத்து நேர அடிக்கிற இடத்தில.

கோழித்தண்ணியைக் கொட்டி, கழுவி, நல்ல தண்ணி நிரப்பித் தூக்கினன். நல்லம்மாக்கா மறிச்சா. "ஐயோ பிள்ளை, அதைக் கொண்டு போகாதேங்கோ! ஒழுகல் பானை. ஆரும் கண்டா, நல்லம்மா குடியிருக்க வந்த சனத்துக்கு இதைத்தான் குடுத்தவள் எண்டு கதைப்பினம்." "கதைக்கட்டும்" எண்டு போட்டு உள்ளுக்குக் கொண்டு போய் அதே மூலையில வைச்சன். மருந்தை இறக்கினன். கதவைச் சாத்தினன்.

அவரின்ர தலைமாட்டில இருந்து பானையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தன். முதல் குளிர்தான். பிறகு தொட, அவ்வளவு இல்லை. இன்னும் கொஞ்சத்தில தொட, கை ஒண்டும் சொல்லுதில்லை. வெளியில ஈரம் அப்பிடியே நிக்குது, காயேல்லை. எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது. அதே பானை, அதே தண்ணி! வெளியில இருக்கேக்க என்ன இருந்தது, இங்க என்ன இல்லை?

காத்து. வேற என்ன?

ஜன்னலடிக்குப் பானையை இழுத்துக்கொண்டு போய், துணியைப் பிடுங்கி எறிஞ்சு, ஜன்னல் கதவு ரெண்டையும் விரியத் திறந்தன். கச்சான் உள்ளுக்கு விழுந்தது. நல்லம்மாக்கா தலையில அடிச்சா: "வருத்தக்காரனுக்கு மேல இந்தக் காத்தை விடுறியளே, உங்களுக்கென்ன மூளை கலங்கிப் போச்சோ?"  எனக்கும் பயம்தான். பிழைச்சா வேற போத்தல் இல்லை. ஆனா அந்த நாய் பொய் சொல்லாது எண்டு நெஞ்சு சொல்லிச்சு. வெளிப்பக்கத்து ஈரம் கண்ணுக்கு முன்னால காஞ்சு காஞ்சு, திரும்பக் கசிஞ்சு, திரும்பக் காஞ்சது. நான் கையை வைச்சன்.

குளிருது. "குளிருது அக்கா, குளிருது!" எண்டு கத்தினன்.

பாயில கிடந்த மனுசன் கண்ணைத் திறந்தார். "வேர்வை காயேக்க உடம்பு குளிருதுதானே, குணேஸ்" எண்டார், குரல் கிணத்துக்க இருந்து வாற மாதிரி. "தண்ணி காத்தோட போகேக்கச் சூட்டையும் தூக்கிக்கொண்டு போகுது. எண்ணெய் குடிச்ச பானைக்கு வேர்க்க வழி இல்லை."

"இதைத் தெரிஞ்சுகொண்டே இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தியளோ?"

"நீர் கேக்கேல்லையே."

கொல்ல வேணும் போல இருந்தது. கட்டிப் பிடிக்க வேணும் போலவும் இருந்தது.

பின்னேரம் எழும்பி இருந்து கஞ்சி குடிச்சார், நானா கிண்ணியாவுக்குத் திரும்பினார். ஆனா எனக்கு நெஞ்சு ஆறேல்லை. அண்டைக்குப் போட்ட ஊசி ஐஸ் தண்ணிக்க இருந்து எடுத்தது. நாளைக்குப் போடப் போறது பானைக்க இருந்து எடுக்கிறது. அது உசிரோட இருக்கோ, செத்துப் போச்சோ? கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது எண்டுதானே நேர்ஸ் சொன்னவ. அதைச் சொல்ல ஒரு ஆள்தான் இருக்குது, அது எறும்பு.

அந்தப் பானை குடிச்ச தண்ணி கொஞ்சநஞ்சமில்லை. கோடையில கிணறு அடியில கிடக்குது, வாளி மணலோட வருது. எங்களுக்குக் குடிக்கக் குறைச்சு அதுக்கு ஊத்தினன். காலமை ஊசி, பிறகு கிணறு, பிறகு வேலியடி. முதல் நாள் எறும்பு இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. அவரின்ர முகத்தைப் பாத்துச் சிரிச்சுப் போட்டுக் குசினிக்க போய் அழுதன்.

ஒரு காலமை கிணத்தால வாறன், எங்கட ஜன்னலடியில சத்தம். மீன் வாங்க வந்த ஒருத்தி பானையைக் காட்டி, "என்ன நல்லம்மா, வாடகைக்கு வந்தவைக்கு ஒழுகல் பானையோ குடுத்தனீ?" எண்டு நக்கலடிக்கிறாள். நல்லம்மாக்கா தன்ர வீட்டுக் குடத்தை இடுப்பில வைச்சுக்கொண்டு நிண்டா. முகம் சிவந்து போச்சு. குடத்தைச் சரிச்சு, அந்தப் பானையில தண்ணியை நிறைய ஊத்தினா. "ஓம், நான்தான் குடுத்தனான். ஒழுகட்டும்" எண்டா.

நான் வாளியை வைச்சுப் போட்டு வேலியடிக்குப் போனன். மணல் ஈரமாத்தான் கிடந்தது. குந்தி இருந்து முகத்தை மணலுக்குக் கிட்டக் கொண்டு போய்ப் பாத்தன். கையால கிளறியும் பாத்தன்.

ஒரு எறும்பு இல்லை.

அப்பிடியே இருந்து வாய் விட்டு அழுதன். அவர் சத்தம் கேட்டு வேட்டியைப் பிடிச்சுக்கொண்டு வெளியில வந்தார். "என்ன குணேஸ், எறும்பு கடிச்சதோ?" எண்டு கேட்டார்.

"இல்லை" எண்டன்.