சுவருக்கு இந்தப் பக்கம்

விக்னராஜா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டைத்தான் மனமார வெறுத்தார். கடையில் அது ஒலித்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியேறிவிடுவார். மெல்பேர்ன் வானொலிகள் முப்பது வருடமாகியும் அதை விட்டபாடில்லை. அதனால் வெறுங்கையோடு வீடு வந்து மனைவி சத்தியபாமாவிடம் பேச்சு வாங்குவதும் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

பாட்டின் பெயர் 'பிளாஸ்டர்'. தொண்ணூற்று மூன்றில் ரிச்மண்டில் ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு வீடுகளில் ஒன்றில் விக்னராஜா வாடகைக்கு இருந்தார். மற்றதில் தலை சீவாத மூன்று பொடியன்கள் கிட்டாரை அலறவைத்துக்கொண்டிருந்தார்கள். பொறுக்கமாட்டாமல் இவர் தினமும் சுவரில் இடித்தார். அந்த இடியையே தாளமாக வைத்துப் பாட்டைப் போட்டு, அவர்கள் ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டார்கள். சுவர்ப் பூச்சு உதிர உதிர இடி விழுந்ததால்தான் அந்தப் பெயராம்.

இதைச் சத்தியபாமா கோயிலில் யாரிடமோ பெருமையாகச் சொல்லிவைத்தாள். விளைவு, சனிக்கிழமை காலை கிளேட்டனில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மோனிகா மடிக்கணினியும் சின்ன ஸ்பீக்கருமாக வந்துவிட்டாள். சென்னைப் பெண். பழைய பாட்டுகள் பிறந்த கதையைப் பொட்காஸ்டாகச் செய்கிறவள்.

"அங்கிள், அந்த டிரம்மர் உங்களைப் பத்தி என்ன சொன்னார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் எங்களோட சேர்ந்து வாசிச்சார்னு சொன்னார்."

"சேர்ந்தோ? நான் அவங்களைக் கொல்லத் திரிஞ்சனான், பிள்ளை."

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அம்மா அவருக்கு டெலிபோன் எடுத்துப் பேசுவதாக ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் அப்போது அந்த வசதி இல்லை. இதற்காகவே அம்மா சண்டைக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வந்திருந்தார். விக்னராஜா அந்தப் பின்னேரம் முழுக்கக் காத்திருந்தும் அழைப்பு வரவில்லை. மூன்று கிழமை கழித்துக் கடிதம்தான் வந்தது. "மணி அடிச்சுக்கொண்டே இருந்தது தம்பி, நீ எடுக்கேல்லை." அதற்கடுத்த கடிதம் சித்தப்பா எழுதியது. அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அந்தப் பாவிகளின் சத்தம்தான் அம்மாவின் கடைசிக் குரலைத் தின்றது என்று விக்னராஜா அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"இது பாட்டு இல்ல அங்கிள்," என்றாள் மோனிகா, மடிக்கணினியில் ஒரு பழைய ஒலிப்பதிவைத் திறந்தபடி. "உங்க தட்டல் நல்லா விழணும்னு, ஒரு ஞாயித்துக்கிழமை சுவரோட ஒட்டி ஒரு மைக் வச்சாங்களாம். அதுல பதிஞ்சது மட்டும். இதுல ஒண்ணு எங்க யாருக்குமே புரியல."

கிட்டாரும் டிரம்மும் முழங்கின. நடுவே டம், டம் என்று விக்னராஜாவின் கை. பழைய கோபம் சுடச்சுட ஏறியது. சட்டென்று கிட்டார் நின்றது. டிரம்மும் நின்றது.

"இங்க அவங்க நிறுத்திட்டாங்க. நீங்க தனியா வாசிங்கன்னு விட்டாங்களாம்."

இடி மட்டும் தொடர்ந்தது. கூடவே ட்ரிங், ட்ரிங் என்று ஒரு மணி.

"இந்த மணிதான் அங்கிள். எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. அவங்ககிட்ட மணியே கிடையாதாம்."

விக்னராஜா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். அந்த மணி நன்றாக ஞாபகம் இருந்தது, அதுதான் குழப்பம். போதாக்குறைக்கு இப்போது மணி வேறு அடிக்கிறான்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகக் குத்தியதும் ஞாபகம் இருந்தது. அது அந்தப் பக்கத்து மணிதானே? தன் வீட்டு டெலிபோன் சத்தம் ஒரு மனிதனுக்குத் தெரியாமல் போகுமா? அவர்கள் எப்போது நிறுத்தினார்கள்? அவர் காதில் அன்று கடைசிவரை கிட்டார் கேட்டதே!

"இன்னொருக்காப் போடும்."

போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பொடியன்கள் நிறுத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் மணி பதினொரு முறை அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகும் இடி விழுந்துகொண்டிருந்தது.

குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்த சத்தியபாமா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "என்னப்பா, என்ன நடந்தது?"

விக்னராஜா ஸ்பீக்கரைக் காட்டினார்.

"அம்மா டெலிபோன் எடுத்திருக்கிறா," என்றார். "பொடியள் நிப்பாட்டிட்டாங்கள், பாமா. நான்தான் நிப்பாட்டேல்லை."