கொசுறுக் கேள்வி

மறுபேச்சில்லாத ஒரு சம்மதத்துக்கு அந்த வீட்டில் விலை இருபது கேள்விகள். பேரம் பேசிக் குறைக்கவும் முடியாது, கடனும் கிடையாது.

ஞாயிறு மதியம் முகம் பார்க்கும் கண்ணாடி விற்கும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடி அறுக்கும் மேசையைச் சுற்றி நால்வர் உட்காருவார்கள். ஒருவர் சரித்திரத்தில் வந்த ஒரு ஆளை மனதில் நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டே பெயரைப் பிடிக்க வேண்டும். நினைத்தவர் 'ஆமா', 'இல்ல' தவிர வாய் திறக்கக் கூடாது. பொய்யும் கூடாது. இருபதுக்குள் பெயர் விழவில்லையென்றால், அவர் கேட்கிற ஒன்றுக்கு மற்றவர்கள் ஏன், எதற்கு என்னாமல் தலையாட்டியாக வேண்டும். பெயர் விழுந்துவிட்டாலோ, அந்தப் பேச்சையே அப்புறம் எடுக்கக் கூடாது. நடுவில் ஒரு வார்த்தை கூடுதலாக உளறிவிட்டால் எதிராளிக்கு ஒரு கேள்வி கொசுறு. வியாபாரக் குடும்பம், கொசுறு இல்லாமல் விளையாட்டு மட்டும் எப்படி நடக்கும்?

அன்று நினைக்கும் முறை அம்மாவுடையது. மகனுக்குக் கடைத்தெரு வைத்த பெயர் கறார். சொன்ன விலையிலிருந்து எறும்பளவும் இறங்காதவன், தனக்கு வர வேண்டிய கொசுறை ஒரு நாளும் விட்டவனில்லை. அம்மா ஏசிக்கு அடிபோடுகிறாள் என்பது அவன் கணிப்பு. பின்னறைக்கு ஏசி வேண்டும் என்று போன கோடையிலிருந்தே நச்சரிக்கிறாள். இன்று பெயரைப் பிடித்து, அந்தப் பேச்சுக்கு ஒரேயடியாக ஷட்டர் இறக்கிவிட வேண்டும்.

நான்காவது ஆள் எதிர்க்கடைத் தையல்காரர். மனைவியை இழந்த மனிதர். ஆட்டத்துக்கு ஆள் குறைகிறதே என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவனே கறார்தான். மாதக்கணக்கில் வருகிறார், ஒரு பெயரைக்கூடப் பிடித்ததில்லை. அதனால் கணக்கு வைக்கும் வேலை அவருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் துணியில் குறி போடும் சாக்பீஸால் மேசையில் ஒரு கோடு.

"பொம்பளையா?" என்று கறாரின் தங்கை ஆரம்பித்தாள்.

"ஆமா."

"ராணியா?"

"ஆமா."

"உங்கம்மா ராணிக்குக் கீழ எறங்குவாங்களா," என்றார் தையல்காரர்.

"மாஸ்டர், நீங்க கோட்டை மட்டும் பாருங்க," என்றான் கறார்.

சரக்கை உரசிப் பார்ப்பதுபோல அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கடலோர நாடா? ஆமா. போரில் ஜெயித்தவளா? இல்லை. கோயில் குளம் கட்டியவளா? இல்லை. துறைமுகம் கட்டியவளா? ஆமா. கோடுகள் பாதிக்கு மேல் போய்விட்டன.

"ராஜா செத்தப்புறம் பட்டத்துக்கு வந்தவளா?"

"ஆமா."

பிடித்துவிட்டான். பள்ளிக்கூடப் புத்தகத்தில், பாய்மரக் கப்பல் படத்துக்குக் கீழே இருந்தவள். பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் வாங்குவது என்று முடிவாகிவிட்டாலும் உடனே பையைத் திறக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. அம்மா கொஞ்சம் தவிக்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாளா?" தங்கை விடவில்லை.

"ஆமா."

"பிள்ளைங்க ஒத்துக்கிட்டாங்களா?"

அம்மா டீ கிளாஸைப் பார்த்தாள். "இன்னும் அவங்ககிட்ட சொல்லல."

"கொசுறு," என்றான் கறார்.

கூடுதல் வார்த்தை காதில் பட்டதும் வாய் தானாகக் கேட்டு வாங்கிவிட்டது. அர்த்தம் அதற்குப் பிறகுதான் மெதுவாக வந்து சேர்ந்தது. மண்ணோடு மண்ணாகிப்போன ராணி இன்னும் யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

அம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். தங்கையின் கிளாஸ் மேசைக்கும் உதட்டுக்கும் நடுவில் நின்றது.

"அம்மா, இப்ப சொன்னது ராணியைப் பத்தியா?" என்றான் கறார்.

"இல்ல."

"அவரு எங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள் தங்கை.

"ஆமா."

"இந்தத் தெருவா?"

"ஆமா."

"மாஸ்டர், கோடு போடுங்க," என்று பழக்கதோஷத்தில் திரும்பினான் கறார்.

தையல்காரர் கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்த விற்காத கண்ணாடிகளில் எல்லாம் மாஸ்டர்கள். ஒருத்தராவது தலை நிமிர வேண்டுமே. இத்தனை ஞாயிறும் இந்த மனிதர் தோற்றுப்போவதற்காகவா வந்தார்?

"இந்த ரூம்லயா?" கேட்டது அவன்தான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஆமா," என்றாள் அம்மா.

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"இருபதும் ஆச்சு," அம்மாதான் பேசினாள். "ராணி பேரை யாரும் சொல்லல. என்ன கேக்கப் போறேன்னு இனிமே வாய்விட்டு வேற சொல்லணுமா?"

"நான் ஏசின்னு நெனச்சேன்," என்றான் கறார்.

"ஏசி அவரு கடையிலயே இருக்கு."

தையல்காரர் எழுந்தார். "தம்பி, உங்களுக்கு வேணாம்னு பட்டா..."

"உக்காருங்க மாஸ்டர்," என்றாள் தங்கை. அவள் முகம் வெளுத்திருந்தது. "ஆட்டம் முடியல. அண்ணனுக்கு ஒரு கொசுறு இருக்கு."

அம்மாவின் முகத்திலிருந்த தைரியம் அப்படியே வடிந்தது. அவன் சாய்ந்து உட்கார்ந்ததை அவள் பார்த்திருந்தாள். பெயர் கைவசம் இருந்தால்தான் அவன் அப்படிச் சாய்வான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அவன் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், இந்தப் பேச்சை அவள் ஆயுசுக்கும் எடுக்க முடியாது.

"கேக்கறதுன்னா கேட்டுடுடா," என்றாள்.

கறார் வாயைத் திறந்தான். பெயர் அங்கேயேதான் இருந்தது. அம்மாவின் விரல்கள் சாக்பீஸ் கோடுகள்மேல் அழுந்தி வெள்ளையாகியிருந்தன. அவன் அந்த விரல்களைப் பார்த்தான், கண்ணாடிகளில் தலைகுனிந்த கூட்டத்தைப் பார்த்தான், கண்ணாடியில் தன் முகத்தையும் பார்த்தான். கன்னத்தில் அறை வாங்கினவன் முகம் அது.

"இப்ப ஒண்ணும் தோணல," என்றான். "அப்புறமா வாங்கிக்கறேன்."

தையல்காரர் மறுபடி உட்கார்ந்து, உடைந்த துண்டால் விட்டுப்போன கோடுகளைப் போட்டு முடித்தார். மேசையில் கணக்கு இப்படி நின்றது: செலவான கேள்விகள் இருபது. ஓரமாக ஒரு சின்ன வட்டம், கொசுறு ஒன்று, பாக்கி.