முழங்கால்கள் தெரியாமல் போன வருடம்

புதிய காப்பீட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த அன்று காலை, ஊரில் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு முழங்கால்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. தொட்டால் கையில் தட்டுப்பட்டன, மடக்கினால் பழையபடி சடசடத்தன, வலியும் குறையவில்லை. பார்க்கத்தான் முடியவில்லை. தொடை முடிந்த இடத்துக்கும் கெண்டைக்கால் தொடங்கிய இடத்துக்கும் நடுவே பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. பால் வாங்க வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பால் விலையும் அன்று ஏறியிருந்தது, அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசிக்கொண்டார்கள்.

இது புதிதல்ல. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து உடம்பின் எந்தப் பாகம் நீக்கப்பட்டாலும் அது பார்வையிலிருந்தும் நீங்கிவிடும். பல் நீக்கப்பட்ட வருடம் பெரியவர்கள் வெறும் வாயால் கேரட் கடித்தார்கள். காது நீக்கப்பட்ட வருடம் மூக்குக்கண்ணாடிகள் பிடிமானம் இல்லாமல் நின்றன. ஆனால் அப்போதெல்லாம் பழியை அரசாங்கத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடிந்தது. இந்த முறை பழி டீச்சரின் மேல் விழுந்தது. அதில் நியாயமும் இருந்தது.

டீச்சர் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ‘புரியவில்லை’ என்ற சொல்லை அவர் பிறர் வாயிலிருந்து மட்டுமே கேட்டிருந்தார். வருடக் கடைசியில் வந்த கையேட்டில் காப்பீடு இரண்டாகப் பிரிந்திருந்தது. பழைய திட்டத்தில் சந்தா அதிகம், பல்லும் காதும் கிடையாது. புதிய திட்டத்தில் சந்தா குறைவு, பல்லும் காதும் திரும்ப வரும். மாதம் முடிவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு ஒரு வருடம் மாற்ற முடியாது. ஊரே குழம்பி நின்றபோது, யாரும் கேட்காமலேயே டீச்சர் நூலகத்தில் வகுப்பு எடுத்தார். கரும்பலகையில் அட்டவணை போட்டார். முன்வரிசையில் இருந்த மளிகைக்கடைப் பெரியவர் கையேட்டைக் கண்ணருகே கொண்டுபோய், “டீச்சர், நட்சத்திரம் போட்டுக் கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே?” என்று கேட்டார். “பொடி எழுத்தெல்லாம் பரீட்சைக்கு வராது அண்ணே” என்றார் டீச்சர். வேலை பார்த்த காலம் முழுக்க வகுப்புக்கு வகுப்பு சொன்ன வாக்கியம், தன்னால் வந்து விழுந்தது. நூலகமே சிரித்தது. எல்லோரும் புதிய திட்டத்தில் சேர்ந்தார்கள். பல்லும் காதும் வந்தன, முழங்கால் போனது. மூட்டு அறுவை சிகிச்சைக்கு முன்அனுமதி பெற வேண்டும், அதுவரை மூட்டு திட்டத்தில் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது.

டீச்சரின் கணவர் பஸ் ஓட்டியவர். ஆயுள் முழுக்க கிளட்சை மிதித்ததில் இடது முழங்கால் தேய்ந்து, சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போக முடியாத நிலைக்கு வந்திருந்தார். இன்னும் தள்ளிப்போட்டால் படுக்கைதான் என்று சொல்லி, அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். சர்ஜன் இப்போது அவரைப் படுக்கவைத்துக் குனிந்து பார்த்தார், விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார், “நான் எதைம்மா அறுக்கறது?” என்றார்.

டீச்சர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவருடைய நூலக வகுப்பு மொத்தமும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் பல் தெரிய வணக்கம் சொன்னார்கள், அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“டாக்டர் முழங்காலைக் கண்ணால பாத்து எழுதின சான்று வேணும்மா” என்றாள் கவுன்ட்டர் பெண்.

“முழங்கால் தெரியலையே?”

“அனுமதி கிடைச்சா தெரியும்.”

“அனுமதி எப்பக் கிடைக்கும்?”

“டாக்டர் பாத்ததும்.”

மூடிய சுற்றைப் பற்றி எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருந்த டீச்சர், முதல்முறையாக ஒன்றின் உள்ளே நின்றார். தொண்டையைச் செருமினார். “எனக்குப் புரியலை” என்றார்.

“எனக்கும்தான்” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. “மனப்பாடம் பண்ணிச் சொல்றேன்.”

பின்னால் நின்ற மளிகைக்கடைப் பெரியவர் வரிசையின் கடைசிவரை கேட்கும்படி, “டீச்சருக்கே புரியலையாம்!” என்று அறிவித்தார். ஏதோ பரிசு விழுந்ததுபோல் எல்லோர் முகமும் மலர்ந்தது.

அந்த வாரம் டீச்சர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒளிக்கதிர்ப் படங்களாக வரைந்து தள்ளினார். ஒளி விலகல், ஒளிச் சிதறல், முழு அக எதிரொளிப்பு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்ததில், அப்படி ஒரு முழங்கால் இருக்கவே வழியில்லை என்று நிரூபணமானது. “நான் அப்பவே பழைய திட்டம் போதும்னு சொன்னேன்” என்றார் கணவர் கட்டிலிலிருந்து. “எப்பச் சொன்னீங்க?” என்று டீச்சர் திரும்பினார். “மனசுக்குள்ள சொன்னேன். உன்கிட்ட வாயால சொல்ல முடியுமா, டீச்சர்?” டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்ததால் மூக்கைச் சிந்திக்கொண்டார். மறுநாள் குளித்துவிட்டு வந்த கணவர் முகப்பவுடர் டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூடி கழன்று மொத்தப் பவுடரும் மடியில் கொட்டியது. தும்மல் அடங்கியதும், “இங்க கொஞ்சம் பாரேன்” என்று கூப்பிட்டார். முழங்கால் வெள்ளை வெளேரென்று, அதன் வீக்கத்தோடு, அங்கே இருந்தது. டீச்சர் ஒளிக்கதிர்ப் படங்களை மடித்து ஆடும் மேசைக்காலின் கீழே செருகினார்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அதை நேரில் பார்த்தார், சான்று எழுதினார். அனுமதி வந்த மதியம் கணவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், பாதி வெட்டுகையில் முழங்கால் திரும்ப வந்துவிட்டது. குறித்த நாளிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. செய்தி பரவி, டாக்டரின் கிளினிக்கில் தரை வழுக்க ஆரம்பித்ததால், பவுடரை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரவும் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். வலி இல்லாதவர்கள் அனுமதி கேட்டு அலையவில்லை. அவர்கள் கெண்டைக்கால்கள் தனியாகப் பின்தொடர நடந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சரும் அந்தக் கூட்டத்தில்தான்.

அடுத்த கையேடு வந்தபோது நூலகம் மறுபடி நிரம்பியது. டீச்சர் பொடி எழுத்திலிருந்து தொடங்கினார். அதில் ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, “இது எனக்குப் புரியலை. உங்கள்ல யாருக்காவது புரிஞ்சுதா?” என்று கேட்டார். ஒருவருக்கும் புரிந்திருக்கவில்லை. இருந்தும் வகுப்பு நெடுநேரம் நடந்தது, நடுவில் யாரும் எழுந்து போகவில்லை.

வருடம் பிறந்த காலையில் கணவர் சுவரைப் பிடிக்காமல் எழுந்து, செருப்பை மாட்டி, பஸ் பணிமனை வரை நடந்துபோய்ப் பழைய நண்பர்களோடு சண்டை போட்டுவிட்டு, செய்தித்தாள் வாங்கி வந்தார். தாள் அவர் உள்ளங்கைக்குச் சற்றுத் தள்ளிக் காற்றில் வந்துகொண்டிருந்தது.

“விரலா?” என்று கேட்டார் டீச்சர்.

“விரல்தான்.”

“வலிக்குதா?”

“இல்லை.”

“அப்ப மெதுவாப் பாத்துக்கலாம்” என்று சொல்லி, காற்றிலிருந்து தாளை வாங்கி, டீச்சர் வானிலை அறிக்கையைப் படிக்க உட்கார்ந்தார்.