பெயர் ஒட்டாத டப்பா

டப்பா ஃப்ரீசரை விட்டு வருவேனா என்றது. அவள் கரண்டிக் காம்பை அடியில் கொடுத்து நெம்பினாள். ஏழு மாதத்துக்கு முன் இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஃப்ரீசரில் கட்டியிருக்கும் பனியை உருக்கித் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன், இந்த ஒரு வேலையை மட்டும் "அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். மூன்றாவது நெம்பலில் டப்பா கையோடு வந்தது. அது இருந்த இடத்தில், நாலு மூலையும் அச்சாகப் பதிந்த ஒரு சதுரக் குழி பனியில் மிஞ்சியது.

உள்ளே சிவப்பாக உறைந்த தக்காளிச் சாஸ். மூடியில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பெயர் ஒட்டாத குழாயில் இருப்பது அங்கே யாருடைய ரத்தமும் இல்லை. அதை வைத்திருக்கவே கூடாது. பதினோரு வருஷமாக அவள் கை அந்தச் சட்டத்துக்குப் பழகியிருந்தது. இந்த வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூட சீட்டு ஒட்டிவிட்டாள். "நல்லவேளை, என் நெத்தில ஒட்டாம விட்ட" என்று கணவன் கேலி செய்வான். சட்டப்படி இதைக் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டுப் பொருளைக் கொட்ட மனம் வரவில்லை. கட்டியைச் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டு முகர்ந்து பார்த்தாள். வாசனை நன்றாகவே இருந்தது.

வேலை முடிந்து வரும்போதே நேரமாகிவிட்டது. ஒரு பாக்கெட் ரொட்டி, பாதிக் குடைமிளகாய், ஒரு வெங்காயம், கொஞ்சம் சீஸ். இருப்பதைக் கொண்டு பிரெட் பீட்சா என்று முடிவு செய்திருந்தாள். இரண்டு துண்டுக்கு நடுவே சாஸும் காயும் வைத்து சாண்ட்விச் மாதிரி அமுக்கி, மேலேயும் சாஸ் தடவி, சீஸைத் துருவிப் போட்டு, தவாவில் மூடிவைத்தாள். ஒரு ஈட்டுக்கு இரண்டு. ஆக நாலு தேறியது. சட்டியை வழித்து நாலாவதன் மேல் தடவினாள், ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்ற பெருமையோடு.

கணவனின் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளைப் பொடிசு என்பார்கள். நல்ல பிள்ளைதான், சொன்னதைக் கேட்கும், எதிர்த்துப் பேசாது. ஆனால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஏழு மாதத்தில் இவளை ஒரு முறைகூட உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. தட்டில் எதைப் போட்டாலும் பாதி அப்படியே இருக்கும். ஒரு நாளாவது அந்தத் தட்டு காலியாக வேண்டும், ஒரு நாளாவது அந்தப் பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான் இவள் ஆசை. கணவனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பிச்சை கேட்பது போல இருக்கும்.

முதல் ஈட்டை அப்பாவுக்கும் மகளுக்கும் வைத்தாள். பொடிசு ஒரு கடி கடித்தாள். மெல்லுவது நின்றது. தலையைத் திருப்பி அடுக்களை வாசலைப் பார்த்தாள், யாரோ வந்து நிற்பது போல. இவளும் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அதன்பிறகு பொடிசு தலை நிமிரவில்லை. ஓரத்தைக்கூட விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்க."

இவள் ஓடிப்போய் மூன்றாவதை எடுத்து வந்து வைத்தாள். அப்போதுதான் கணவனைப் பார்த்தாள். ஒரே ஒரு கடி கடித்துவிட்டு அவன் அதைத் தட்டில் வைத்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் இவளைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சில ராத்திரிகளில் ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு, ஐஸ்கூட எடுக்காமல் அவன் நின்றிருக்கிறான். பொடிசு ஸ்டூல் போட்டு ஏறி உள்ளே பார்ப்பாள். என்ன வேணும் என்றால் "சும்மா" என்பாள். இவள் அதையெல்லாம் புழுக்கம் என்று நினைத்தாள். அவனுடைய முதல் மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தக் கை செய்துவைத்ததில் இந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த டப்பா ஒன்றுதான். இப்போதுதான் இவளுக்கு அது புரிந்தது; வழித்துவைத்த சட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

பொடிசு இரண்டாவதையும் முடித்துவிட்டு விரலை நக்கினாள். "சாஸ் நீங்களா செஞ்சீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலியான அந்தத் தட்டு இவள் கணக்கில் வந்துவிடும். கணவனும் தலையைக் குனிந்துகொண்டான், சொல்லிவிட்டுப் போயேன் என்பது போல. ஆனால் ஒருத்தர் ரத்தத்தில் இன்னொருத்தர் பெயரை ஒட்டுவதைவிடப் பெரிய பாவம் இவளுக்குத் தெரியாது.

"இல்லம்மா. ஃப்ரீசர்ல ஒரு டப்பா இருந்துச்சு. பேரு எழுதல. தெரியாம எடுத்துட்டேன்."

"எங்களுக்குத் தெரியும்ல," என்றான் கணவன், தட்டைப் பார்த்தபடியே. "அதான் எழுதல."

எங்களுக்கு. அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது.

பொடிசு எழுந்து போய் ஸ்டூலில் ஏறி ஃப்ரீசரைத் திறந்தாள். சதுரக் குழிக்குள் விரலை விட்டு, நாலு ஓரத்தையும் மெதுவாகத் தடவினாள். அழவில்லை. இறங்கி, நாலாவது பீட்சா இருந்த அடுப்பருகே போனாள்.

"இது உங்களுதா?"

"ஆமா. நீயே எடுத்துக்கோ கண்ணு. அப்பாவுக்கும் பாதி குடு."

பொடிசு அதைத் தட்டோடு கொண்டுவந்து இவள் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க. மெதுவா. என்னென்ன போட்டிருக்குன்னு கண்டுபிடிங்க. இனிமே வேற இல்ல."

இவள் கடித்தாள். கொஞ்சம் கருகவிட்ட பூண்டு முதலில் தெரிந்தது. பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, நாக்குக்குப் பிடிபடாமல், மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டு. விழுங்கப் பயந்து மென்றுகொண்டே இருந்தாள். அப்பாவும் மகளும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குள்ளிருந்து யாரோ வரப்போவது போல. பின்கழுத்தில் குளிர்காற்று பட்டது. ஃப்ரீசர் கதவு திறந்தே கிடந்தது. பனி சொட்டத் தொடங்கியிருந்தது. சதுரக் குழியின் மூலைகள் ஒவ்வொன்றாகக் கரைய, மூடுவதற்கு யாரும் எழுந்திருக்கவில்லை.