சுண்ணாம்பு கேட்ட பெயர்

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில், பரோட்டாக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கும் ஜெராக்ஸ் கடையில் ரீட்டா வேலை பார்த்தாள். ஆதார் திருத்தம், பட்டா நகல், கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கொண்டுவந்தாலும் முகம் கோணாமல் செய்து கொடுப்பாள். மாலை மூன்றரைக்கு மட்டும் கலெக்டரே வந்து நின்றாலும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஐந்து நிமிடம் அவளுக்குப் போனைத் தவிர உலகம் கிடையாது.

போனில் 'சாவிக்கொத்து' என்று ஒரு குழு இருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியங்கள் முந்நூறு பேர் அதில் குடியிருந்தார்கள். அவர்களில் யாராவது தன்னிடம் உபரியாக இருக்கும் விளையாட்டுச் சாவியை இனாமாகக் கொடுப்பார்கள். சாவி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த பதினைந்து குறிகள். அதை வைத்து ஒரு விளையாட்டைத் திறந்துகொள்ளலாம். சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டால் அதில் என்ன சுவாரஸ்யம்? ஒரு சங்கேதப் புதிரைப் போடுவார்கள். விடையைக் குழுவின் 'பாட்'டுக்கு அனுப்ப வேண்டும். பாட் என்பது ஆள் இல்லாமல் தானே பதில் சொல்லும் நிரல். அது ஏற்றுக்கொள்ளும் முதல் விடையோடு ஆட்டம் முடிந்தது. அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

ரீட்டாவை அதற்குள் இழுத்துவிட்டவன் தம்பி அமல்ராஜ். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் சாரம் ஏறி பெயிண்ட் அடிக்கிறான். இங்கே மூன்றரை என்றால் அங்கே ஆறு மணி, வேலை விட்டு லாரியில் திரும்பும் நேரம். புதிர் வந்துவிட்டால் அக்காவும் தம்பியும் ஒருவர் போனை ஒருவர் எடுக்க மாட்டார்கள்; அது எழுதாத சட்டம். கடைக் கம்ப்யூட்டர் இரண்டு கோப்பைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதில் அவள் எந்த விளையாட்டை விளையாடுவது? ஜெயித்த சாவியை எல்லாம் தம்பிக்கே அனுப்பிவிடுவாள். அவளுக்கு வேண்டியது முந்துவது மட்டும்தான். அதில் அவளுக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

அக்டோபர் நடுவில் 'சுண்ணாம்பு' என்ற பெயரில் புதிதாக ஒருவர் வந்தார். படம் வைக்கும் இடத்தில் வெறும் வெள்ளை. வணக்கம் இல்லை, அரட்டை இல்லை. தினமும் சரியாக மூன்றரைக்கு ஒரு புதிர். அவருடைய விடைகள் எல்லாமே மனிதர்களின் பெயர்களாக இருந்தன. சவரிமுத்து. அருளம்மாள். ஞானப்பிரகாசம். மரியபுஷ்பம். குழுவிலிருந்த சென்னைப் பையன்கள் இதெல்லாம் எந்த விளையாட்டின் பாத்திரங்கள் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். ரீட்டாவுக்கோ வெல்லக்கட்டியாக இனித்தது. யாரோ நம்ம ஆவூர்ப் பக்கத்து ஆள், ஊர்ப் பெயர்களையே புதிராகப் போடும் பெருமைக்காரர் என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள். பதினாறு நாளில் பதினோரு சாவி அவளுடையது, மிச்சம் தம்பியுடையது.

நவம்பர் ஒன்றாம் தேதி மதியம் உபதேசியார் சூசைராஜ் ஒரு மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். ஆவூரை ஒட்டிய அவர்களுடைய கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில் பாதிரிச் சாமியார் வராத நாளில் ஜெபம் நடத்துவதும், பங்கின் காகித வேலைகளைப் பார்ப்பதும் அவர்தான். மறுநாள் கல்லறைத் திருநாள். வீட்டுக்கு ஒரு கவர் என்று, செத்துப்போனவர்களின் பெயர்களை எழுதிக் கோயில் பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்தப் பெயர்களை வரிசையாக டைப் செய்து கொடுத்தால், வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே நின்று சாமியார் வாசிப்பார். வழக்கமாக இதைச் செய்துகொண்டிருந்த ஆள் திருச்சிக்குப் போய்விட்டதால் இந்த வருஷம் வேலை ரீட்டாவிடம் வந்தது.

உபதேசியார் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். கவரின் மேலே இருப்பது கொடுத்தவர் பெயர், உள்ளே இருப்பதுதான் செத்தவர் பெயர். முன்னொரு வருஷம் யாரோ அவசரத்தில் மேலே இருந்த பெயரை டைப் செய்துவிட, கல்லறையில் அதை வாசித்தும்விட்டார்கள். அந்த மனுஷர் கூட்டத்தில் நின்று தன் பெயரைத் தானே கேட்டார். அடுத்த நவம்பரை அவர் பார்க்கவில்லை.

"உசுரோட இருக்கவங்க பேரு இதுல ஏறிறக் கூடாது, பாப்பா. மத்தது என்ன தப்பு வந்தாலும் திருத்திக்கலாம்," என்றார்.

சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு ரீட்டா முதல் கவரைப் பிரித்தாள். சவரிமுத்து. அடுத்தது அருளம்மாள். ஞானப்பிரகாசம் என்று தட்டும்போது விரல் தானாக மெதுவானது. நாலாவது கவரை எடுக்கும் முன்பே அதில் இருப்பது மரியபுஷ்பம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிரித்தாள். மரியபுஷ்பம்தான்.

போனைத் திறந்து பழைய விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பெயர் பிசகவில்லை, ஒரு வரிசை மாறவில்லை. பெட்டியை எப்போது திறந்தீர்கள் என்று உபதேசியாரிடம் கேட்டாள். இன்று காலையில்தான், சாவி தன் இடுப்பிலேயே கிடக்கிறது என்றார் அவர். கவர்களைக் கையில் வந்தபடி அடுக்கிக்கொண்டு வந்தாராம். வரிசை என்று எதுவும் கிடையாதாம். பதினாறு நாளாக அவள் போட்டி போட்டு எழுதிக்கொண்டிருந்தது, இன்னும் யாரும் எழுதாத இந்தப் பட்டியலைத்தான்.

கவர்கள் பதினைந்தாவது பெயரோடு தீர்ந்தன. நேற்று வந்த பதினாறாவது விடை அடைக்கலசாமி. அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு அடைக்கலசாமி உண்டு என்பதால் நேற்று அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன அவளுடைய அப்பா பெயர் அது.

"ஒங்க வீட்டுக் கவரு மட்டும் வரலை. ஒங்கம்மா ஜெயராணி கையோட கொண்டாரேன்னுச்சு. அதோட பட்டியலு முடிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு உபதேசியார் டீ குடிக்கப் போனார்.

அம்மாவின் கவரில் அப்பாவைத் தவிர வேறு யார் பெயர் இருக்க முடியும்? தாத்தா வீட்டார் பெயர்களைப் பெரியப்பா கொடுத்துவிடுவார். அப்படியானால் இன்றைக்குப் புதிர் வரக் கூடாது. ரீட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தெட்டு. வராது, வராது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்றரைக்கு வந்தது.

எண்களாகவே நாலு வரி. பழைய பட்டன் போனில் எழுத்துக்கு எழுத்து அமுக்கிச் செய்தி அனுப்பிய விரல்களுக்கு அதைப் படிக்கப் பேப்பர் வேண்டியதில்லை. முதலில் அடைக்கலசாமி என்று வந்தது. அதற்குப் பின்னால் பிள்ளை என்று வந்தது. கடைசி வரி ஒரு கேள்வி: பெயர் என்ன?

அடைக்கலசாமிக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று தினமும் கடலுக்கு மேலே அறுபதடி உயரத்தில் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ரீட்டா தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், வெட்டிவிட்டான். எடுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா? அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தானே.

குழுவின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடியது: அமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

முந்நூறு பேரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். அந்த முட்டாள் தன் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருப்பான். அப்பா பெயர் வந்திருக்கிறது, பிள்ளை பெயரைக் கேட்கிறார்கள், கொடுத்தால் சாவி. பட்டியலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ரீட்டா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பாள். தம்பியைத் தூக்கி வளர்த்த கை அது, முந்தியே பழகிய கை. 'ரீட்டா' என்று தட்டி அனுப்பினாள்.

அமல் எழுதிக்கொண்டிருந்த வரி நின்றது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றது பாட். பதினைந்து குறிகளும் பளிச்சென்று வந்து விழுந்தன. முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது, கண்கூடக் கலங்கியது. ஒரு நிமிடம் கழித்துத்தான் செத்தவர்கள் பட்டியலில் தன் பெயர் ஏறிவிட்டது அவளுக்கு உறைத்தது. அவளுக்கு இருபத்தேழு வயது. சாக அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை.

தம்பி உடனே கூப்பிட்டான். லாரி இரைச்சலில் அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"ஏன்க்கா ஒன் பேரப் போட்ட? செத்த அப்பா பேரோட வந்துச்சுல்ல, அது நமக்கு மூத்ததுக்குல்ல கேட்டுச்சு."

மூத்தது யார் என்று கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ரீட்டாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, மூச்சு விடாமலே போய்விட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்பதால் கல்லறைச் சுவருக்கு வெளியே, கருவேலமரத்தடியில் புதைத்தார்கள். சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்று அம்மா அவனை அங்கே கூட்டிப்போய் முழங்கால் போடச் சொல்லியிருக்கிறாள். நாளைக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறப்போகிறவள் இதைக் கேட்கக் கூடாது, அக்காவிடம் மூச்சு விடாதே என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள்.

நீ என்ன எழுதிக்கொண்டிருந்தாய் என்று ரீட்டா கேட்டாள்.

"பேரு வைக்கலைன்னு எழுதுனேன். அனுப்பப் போறேன், நீ முந்திட்ட."

அவள் போனை வைத்துவிட்டு 'பாட்'டுக்கு எழுதினாள். தப்பு, மாற்ற வேண்டும் என்றாள். ஆட்டம் முடிந்தது என்றது. சுண்ணாம்புக்கே நேராக எழுதினாள்: அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லை, தெரியாமல் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பதினாறு நாளில் யாருக்கும் ஒரு வார்த்தை பேசாத சுண்ணாம்பு அப்போதுதான் பேசியது. 'இப்போது இருக்கிறது' என்று எழுதியிருந்தது.

நாலு மணி பஸ்ஸில் ஜெயராணி வந்து இறங்கினாள். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்த கை, நகக்கண்ணெல்லாம் வெள்ளை. உபதேசியாரும் டீயை முடித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். ஜெயராணி கவரை மகளிடம் தராமல் அவரிடம் நீட்டி, கூச்சத்தோடு தணிந்த குரலில் பேசினாள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கலாம் என்று புதுச் சாமியார் சொன்னாராம். இருபத்தெட்டு வருஷமாக எழுதாததை இந்த வருஷம்தான் எழுதியிருக்கிறாளாம். மகள் கேட்கக் கூடாது என்று பாதியைச் சாடையாகவே சொன்னாள். உபதேசியார் தாளைப் பிரித்துப் படித்தார். அடைக்கலசாமி. அதற்குக் கீழே, அடைக்கலசாமி பிள்ளை.

பெயர் எதுவும் இல்லையா என்று அவர் கேட்டார். வைக்கவில்லை என்றாள் ஜெயராணி. சாமியார் ஒரு பெயரோடு வாசித்தால் நல்லது, மனதில் ஏதாவது நினைத்திருந்தால் சொல்லுங்கள் என்றார் அவர். ஜெயராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். எழுந்து வெளியே ஓட வேண்டும் போல் இருந்தது ரீட்டாவுக்கு.

"பொண்ணு பொறந்தா வைக்கணும்னு ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தோம்ங்க," என்றாள் ஜெயராணி. "அது தங்கலை. அடுத்தாப்புல பொறந்த இவளுக்கு அதையே வச்சுட்டோம்."