மேனேஜருக்கு இரண்டு ஊசி

காலை ஏழு மணிக்கு மேனேஜருக்கு இன்சுலின் போட்டுவிட்டு, பழைய ஊசிகள் சேரும் டப்பாவைத் திறந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மேலே கிடந்த ஊசிக்கு மூடி போட்டிருந்தது. அவள் ஒரு நாளும் மூடியைத் திரும்பப் போட்டதில்லை.

மேனேஜர் என்பது பூனை. எந்த வேலையும் செய்யாமல் அறை அறையாகப் போய் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். சர்க்கரை வந்து எட்டு மாதமாகிறது. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் சாப்பாடு, சாப்பிட்டதும் இரண்டு யூனிட். எட்டு மாதமும் அவள் கைதான். மூன்று நாளைக்கு முன் அதைச் சொல்லித்தான் சண்டை. “ஒரு நாளாவது நீங்க போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள். அதிலிருந்து கணவன் பேசவில்லை. லிப்ட் மெக்கானிக், நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பழகியவன். இன்று அவள் எழுவதற்குள் ஆறரைக்கே சாப்பாடு வைத்து, ஊசி போட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போயிருக்கிறான். பூனையாவது காட்டிக்கொடுத்திருக்கலாம். அது இரண்டாவது சாப்பாட்டையும் நாலு நாள் பட்டினி கிடந்ததைப் போல நக்கித் தீர்த்தது.

போனை எடுத்தாள். மூன்று நாள் வீம்பு அதோடு போயிற்று.

“ஊசி போட்டீங்களா?”

“போட்டேன். இப்ப திருப்தியா?”

“நானும் போட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு கீழே விழுந்தது. “வரேன்” என்றான்.

அடுத்து போனில் கால்நடை மருத்துவர் பதறாமல் பேசியதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “சர்க்கரை இறங்கும். அப்பப்ப சாப்பிட வைங்க. அரை மணிக்கு ஒரு தடவை காதுல குத்திப் பாருங்க. அறுபதுக்குக் கீழ போனாலோ, தள்ளாடினாலோ, ஈறுல தேனைத் தடவிட்டு உடனே தூக்கிட்டு வாங்க. சாயங்காலம் வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க.”

அவன் கிரீஸ் கையோடு வந்து நின்றான்.

“சொல்லிட்டுப் போனா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?”

“நீதான போடச் சொன்ன?”

“போடத்தான் சொன்னேன். ரகசியமா போடச் சொன்னேனா?”

அவள் கேட்டதைத்தான் அவன் செய்திருந்தான். முழு உரிமையோடு திட்டக்கூட முடியவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவன் குப்புறப் படுத்து இழுத்தான். முழங்கையில் மூன்று கீறல். காதைப் பிடித்துக்கொண்டான், அவள் குத்தினாள். நூற்றுநாலு. அடுத்தது எண்பத்தொன்று. அதற்கடுத்தது எழுபத்துமூன்று. எந்நேரமும் சாப்பாட்டுக்கு அழும் பூனை, இப்போது கிண்ணத்தை முகத்தருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பதினொரு மணிக்கு, தினமும் போல, சமையலறைத் தரையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடியது.

“தூங்குதா, மயங்கிடுச்சா?” என்றான்.

“காலைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டான். காலை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு கண் திறந்தது. வேலை நேரத்தில் தொந்தரவு செய்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மூடியது.

“எவ்ளோ கொழுப்பு பாரு.”

“மெதுவா பேசுங்க. இல்ல, வேணாம், சத்தமாவே பேசுங்க.”

அடுத்த முறை குத்த இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து, குனிந்து, அந்தச் சாம்பல் நிற வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறக் கொஞ்சம் தாமதமானது போலிருந்தது. அவன் கையை நீட்டுவதற்குள் அவள் கை அங்கே இருந்தது.