நாலாவது அறிகுறி

"இது உன் கையெழுத்துதானே? இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!"

"என்னோடதுதான் அக்கா. ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம்! நாலு போட்டிருக்கே, நாலும் வந்தாச்சு. நான் உங்க அண்ணனுக்கு ஃபோன் போடுறேன்."

தேவாலயத்தின் பின்கட்டுக் கூடத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே 'தோள் ஊழியம்' நடக்கும். மனநோயோடு வாழ்கிறவர்கள் கூடுவார்கள். ஒரு சின்ன ஜெபம், கொஞ்சம் பிஸ்கட், நிறையப் பேச்சு. பதினோரு வருஷமாக அதைக் கட்டி மேய்ப்பவர் சாவி அக்கா. கூடத்துச் சாவி, அலமாரிச் சாவி, டீத்தூள் டப்பா வைத்த பெட்டியின் சாவி எல்லாம் அவர் இடுப்பில் கிடக்கும். அடுத்த வீட்டு விஷயங்களுக்குள் நுழைய மட்டும் அவருக்குச் சாவி தேவைப்பட்டதில்லை.

அந்த அலமாரியில்தான் சீட்டுகள் இருந்தன. மனசு நன்றாக இருக்கும் நாளில் ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்தவை. எனக்கு முடியாமல் போகப் போகிறது என்றால் என்னென்ன அறிகுறி தெரியும், தெரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். அக்கா கையில் இப்போது இருந்தது லிஃப்ட் மெக்கானிக்கான லிஃப்ட்காரர் எழுதியது: ஒன்று, தூக்கம் குறையும். இரண்டு, விசில் அடிப்பேன். மூன்று, ஒரே பொருளை ஒன்றுக்கு மேல் வாங்குவேன். நாலு, கல்யாணம் பேசுவேன். கீழே அண்ணனின் நம்பர். அதற்கும் கீழே அடிக்கோடு போட்டு: 'அன்றைக்கே கூப்பிடவும். நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.'

நாலாவதைச் சும்மா எழுதவில்லை. போன தடவை முடியாமல் போனபோது பத்து நாளில் மூன்று பேரைக் கேட்டிருந்தார். முதலாவது ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்துவைத்தபடியே கேட்டாராம். அடுத்தது நடு ரோட்டில் கை காட்டிக்கொண்டிருந்த போக்குவரத்து போலீஸ்காரம்மா. மூன்றாவது போதகரின் மாமியார். அந்த மாமியார் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

ஊர் சிரித்தது. சாவி அக்கா சிரிக்கவில்லை. அப்போது லிஃப்ட்காரர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னதை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போட்டது அக்காதான். அதற்குள் வீட்டில் பதினோரு குடை சேர்ந்துவிட்டது. மனுஷன் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி யாருடைய சீட்டையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தவர்தான் அக்கா.

இன்றைக்கு லிஃப்ட்காரர் உள்ளே வரும்போதே விசில். உட்காருவதற்குள், "வர்ற சனிக்கிழமை எனக்குப் பதிவுக் கல்யாணம்" என்றார்.

"இவர் ரெண்டு நாற்காலி வாங்கித் தூக்கிட்டுப் போனதை நான் பார்த்தேன்," என்றார் ரேடியோ. காதில் குரல் கேட்கும் மனிதர் அவர். பட்டப்பெயரை அவரே வைத்துக்கொண்டார். "கண்ணைப் பாருங்க, தூங்கின கண்ணா அது? நாலுக்கு நாலு. ஃபுல் மார்க். இந்தக் கல்யாண நியூஸ் என் ஸ்டேஷன்லகூட வரலையே!"

"ரெண்டு பக்கமும் யோசிக்கணும்," என்றார் போதகர். பிரசங்கத்திலும் அதைத்தான் சொல்வார். எந்தப் பக்கம் என்று சொன்னதில்லை.

"அக்கா, இந்தத் தடவை நிஜம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

அக்கா சொன்னது உண்மைதானே. லிஃப்ட்காரர் பிஸ்கட்டைக் கையிலேயே நொறுக்கினார். "அண்ணன் வந்தா நேரா ஆஸ்பத்திரிதான் அக்கா. எதையும் கேட்க மாட்டார். சனிக்கிழமை அவங்க பதிவு ஆபீஸ்ல தனியா நிப்பாங்க."

தள்ளிப்போட்டாலும் பாவம், ஃபோன் போட்டாலும் பாவம். அக்கா ஃபோனை எடுத்த நேரம் கதவு திறந்தது.

கடையைச் சாத்திவிட்டு நேரே வந்திருந்தார் கண்ணாடிக் கடைக்காரம்மா. லிஃப்ட்காரர் பழுது பார்க்கும் கட்டடத்தின் நாலாவது மாடியில் கடை. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுகிறவர். நாற்பதைத் தொட்ட வயசு. கட்டிக்கொள்ளப் போகிறவரைக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்துகிறேன் என்று லிஃப்ட்காரர் வரச் சொல்லியிருந்தார். ஆனால் யாரும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா சீட்டை நீட்டினார்.

தலைமேல் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, நிதானமாகப் படித்தார் அந்தம்மா.

"நோய் விஷயம், மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் முதல் மாசமே சொல்லிட்டார். இந்த நாலாவதை மட்டும் சொல்லல." திரும்பி அவரைப் பார்த்தார். "அப்போ நான் பொண்ணா, அறிகுறியா?"

லிஃப்ட்காரர் எந்தக் குழிக்குள்ளாவது இறங்கிவிடலாமா என்று தரையைப் பார்த்தார்.

"அவனைக் கேட்காதீங்கம்மா, நீங்க சொல்லுங்க," என்றார் அக்கா. "எப்பக் கேட்டான்? எப்படிக் கேட்டான்?"

"இவரா? எட்டு மாசமா மோட்டார், கேபிள், கதவு சென்சார், இதைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்லை. கேட்டது நான்."

கூடமே வாயைப் பிளந்தது.

"லிஃப்ட் நிஜமாக் கெட்டது ஒரே ஒரு தடவை. நாற்பது நிமிஷம் உள்ள மாட்டிக்கிட்டேன். வெளியில நின்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் வாரா வாரம் கெட்டதெல்லாம் இவர் வரட்டும்னு நான் கதவு இடுக்கில அட்டையைச் சொருகினதுதான்."

"என்னது!" லிஃப்ட்காரர் எழுந்தேவிட்டார். "நான் மூணு தடவை போர்டையே கழட்டி மாட்டினேனே! கம்பெனியில என்னைத் திட்டினாங்களே!"

"அதுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் கேட்டப்போ ஆறு வாரம் டைம் வேணும்னார், அக்கா. ஏன் என்னைக் கட்டிக்கக் கூடாதுன்னு இருபத்திரெண்டு காரணம் எழுதிக் கொடுத்தார். ஒம்பதாவது காரணம், வீட்டுல ஒரே நாற்காலிதான் இருக்குன்னு. அதான் வாங்கச் சொன்னேன்."

சாவி அக்கா உட்கார்ந்தார். முடியாமல் போகிற நாளில் இந்தத் தம்பிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அக்காவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. இருபத்திரெண்டு காரணம் எழுதுகிறவன் நடுங்கிக்கொண்டிருக்கிறவன்.

"தூக்கம்?" என்றார்.

"அது மட்டும் உண்மை," என்றார் அந்தம்மா. "பத்து நாளா மூணு மணி நேரம்தான். எனக்கும் கவலையாத்தான் இருக்கு."

அக்கா ஃபோனைப் போட்டார். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க தம்பி தூங்கறதில்லை. அதுக்கு நாளைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். கல்யாணம் நிஜம். ரெண்டையும் சேர்த்துக் கேட்டுக்கோங்க, ஒண்ணைக் கேட்டுட்டுக் கிளம்பிடாதீங்க. பொண்ணு பக்கத்துலதான் இருக்கு, பேசுங்க."

பதினைந்து நிமிஷம் பேசினார் அந்தம்மா. பாதிக்கு மேல் "ஆமா, நான்தான் கேட்டேன்" என்பதுதான். நாலாவது தடவை சொன்ன பிறகுதான் அண்ணன் நம்பினார்.

"அப்போ சீட்டு எழுத வேண்டியது இந்தம்மாதான்," என்றார் ரேடியோ. "ஓடுற லிஃப்டை நிறுத்தறது சாதாரண அறிகுறியா?"

மறுநாள் டாக்டர் ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். வெள்ளிக்கிழமை லிஃப்ட்காரர் ஏழு மணி நேரம் தூங்கினார். சனிக்கிழமை பதிவு நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டது அண்ணனும் சாவி அக்காவும்.

அடுத்த வருஷம் லிஃப்ட்காரருக்கு மறுபடி முடியாமல் போனது உண்மைதான். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாங்கள் அப்போதே சொன்னோமே என்று தெருவில் சிலர் ஆரம்பித்தார்கள். ஆனால் அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டது அந்தம்மா. திரும்பக் கூட்டி வந்ததும் அந்தம்மாதான். இப்போது நகரத்தின் அந்தக் கோடியில் குடியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ரெண்டு பஸ் மாறி வருகிறார்கள். போதகர் மாற்றலாகிப் போனார். ரேடியோ தங்கை வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே இப்படி ஒரு கூட்டம் இல்லையாம். அவரே ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.